பன்றியோடு மட்டும் பேசலாம்

ஓம் சுவஸ்தி அஸ்து.

அன்பு மகள் செருனிக்கு, உன் சித்தப்பா எழுதுவது. இங்கே நான், உன் சித்தி, உன் அப்பா, அம்மா, அப்பாவின் சேவல்கள் அனைவரும் நலம், சேவல்கள் எங்களைவிட ஒரு படி மேல். நீயும் உன் கப்பலும் அலை தட்டாமல், முதுகு வலிக்காமல், மேலதிகாரி கத்தாமல் சுகமாக இருக்க வீட்டுக் கோயிலில் தினமும் பூத்தட்டு வைக்கிறோம், கடலுக்குத் தனியாக ஒன்று, கப்பல் ஓட்டுகிறவருக்குத் தனியாக ஒன்று, அவர் என்ன சாமி கும்பிடுகிறவரோ தெரியாது, இருந்தாலும் பூவை வேண்டாம் என்று எந்த மனுஷனும் சொல்லப் போவதில்லை. சித்தப்பா ஏன் போனை விட்டுவிட்டுக் காகிதத்தைப் பிடித்தார் என்று கேட்பாய். குடும்பக் குழுவில் எழுதினால் உன் அப்பா படிப்பார். அவர் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துப் பேசலாம் என்றால், ஊர்த்தலைவராயிற்றே, அவர் பக்கத்தில் இல்லாத இடம் நம் ஊரில் ஏது? அதனால்தான் விடுமுறை முடிந்து உன் கப்பலுக்கே திரும்புகிற சலவைப் பகுதிப் பையன் காடெக்கிடம் கொடுத்தனுப்புகிறேன், கூடவே உன் அம்மா அரைத்த சம்பல் பாட்டில் ஒன்று. வழியில் பாட்டிலைத் திறந்தாலும் திறப்பான், கடிதத்தைத் திறக்க மாட்டான், எழுத்தென்றால் அவனுக்குப் பள்ளிக்கூடத்திலேயே காய்ச்சல் வரும்.

மகளே, கையைக் கழுவிக்கொண்டு உட்கார். மலைமேல் இருக்கும் தாய்க்கோயில் சாட்சியாக, நம் மூதாதையர் சாட்சியாக, இன்னும் உயிரோடிருக்கும் என் நான்கு கடைவாய்ப் பற்கள் சாட்சியாகச் சொல்கிறேன்: இனி நான் எழுதப்போகும் கதையை இந்தத் தீவிலோ, நீ மிதக்கும் கடலிலோ உள்ள ஒரு ஜீவனும் நம்பாது. நீயும் நம்பக் கூடாது. நம்பினால், உன்னைத் தோளில் தூக்கிப் பொய் சொல்லி வளர்த்த எனக்கல்லவா அவமானம்.

போன கோயில் திருவிழாவில் ஆரம்பித்தது. விடியற்காலையில் ஆண்கள் எல்லோரும் ஊர்க்கூடத்தில் கத்தியும் கட்டையுமாக உட்கார்ந்து விருந்துக்கு லாவார் பிசைய நறுக்கினோம், நாங்கள் நறுக்கிய சத்தத்தில் பக்கத்துத் தீவில் நிலநடுக்கம் என்று ரேடியோவில் சொன்னார்களாம். இறைச்சி தயார், காய் தயார், பன்றி ரத்தம் தயார், வறுத்த தேங்காய்த் துருவலை மென் சாத்ரி கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். அவளை உனக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை, சின்ன வயதில் அவள் காப்பிக்கடைப் பலகையில் உட்கார்ந்து வறுத்த வாழைப்பழம் தின்றே பாதி வளர்ந்தவள் நீ. புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான், மகள் சாத்ரி கல்யாணமாகிச் சுலாவெசி போய்விட்டாள், இப்போது அவளுக்குத் துணை அந்தக் காப்பிக்கடையும், கடையை ஒட்டிப் பலாமரத்தடியில் கட்டியிருக்கும் கறுப்புப் பன்றியும்தான். பன்றி என்றால் சாதாரணப் பன்றி இல்லை. அது எழுந்து நின்றால் நிழல் மூன்று வீட்டு முற்றத்தில் விழும், வயிறு தரையை உழுதுகொண்டே போவதால் அது நடந்த பாதையில் கீரை விதைக்கலாம். குட்டி மட்டும் போட்டிருந்தால் நம் வழக்கப்படி அதையும் 'மென்' இன்னார் என்று மூத்த பிள்ளை பெயரைச் சேர்த்து மரியாதையாகக் கூப்பிட்டிருப்போம். பிள்ளை இல்லாததால் வெறும் பன்றி.

எல்லாவற்றையும் பிசைந்து சேர்ப்பது யார்? பான் செருனி, அதாவது சாட்சாத் உன் அப்பா. ஊர் அவரை உன் பெயரை வைத்துத்தான் கூப்பிடுகிறது என்பதை இந்தக் கடிதம் முடியும்வரை மறக்காதே, அவர் நல்லது செய்தாலும் கோணல் செய்தாலும் அதில் பாதி உன் கணக்கில் ஏறும். லாவார் பிசையும் கை இந்தத் தீவில் ஒன்றே ஒன்றுதான், அது தன் தோளிலிருந்து தொங்குகிறது என்பது என் அண்ணனின் நம்பிக்கை. இறைச்சியும் ரத்தமும் இருந்த பெரிய சட்டியை வாழையிலை போட்டு மூடி, மாமரத்து நிழலில் வைத்து, "நான் வர்ற வரைக்கும் ஒருத்தன் கை இது மேல படக்கூடாது. பட்டுச்சுன்னா அப்புறம் நீங்களே தலைவரா இருந்துக்குங்க"ன்னு சொல்லிவிட்டுச் சேவலைக் குளிப்பாட்டப் போனார். அவர் சேவலைக் குளிப்பாட்டினால் எப்படி என்று உனக்கே தெரியும், முதலில் இறகு, பிறகு கால், பிறகு தொடைக்கு எண்ணெய், பிறகு காதில் ஏதோ ரகசியம், நீ பிறந்தபோது உன்னை அப்படிக் குளிப்பாட்டியதில்லை.

நிழல் நகர்ந்தது, மகளே. மரம் நகராது, சூரியன் நிற்காது, நடுவில் மாட்டிக்கொண்ட நிழல் என்ன செய்யும்? வெயில் முதலில் சட்டியின் விளிம்பைத் தொட்டது, அப்புறம் இலையின் காம்பை, அப்புறம் நிதானமாகக் கால்மேல் கால் போட்டுச் சட்டியின்மேலேயே உட்கார்ந்தது. சுற்றி உட்கார்ந்திருந்த எல்லா ஆண்களும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அந்த வெயிலையே பார்த்தோம், கால்பந்து இறுதி ஆட்டத்தைக்கூட அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. இழுத்து நிழலில் வைக்க ஒரு முழம் நகர்த்தினால் போதும். "தலைவர் தொடக்கூடாதுன்னார்"ன்னான் ஒருத்தன். "தொடாம காலால தள்ளலாமா?"ன்னான் இன்னொருத்தன். "உன் கால வெச்சுத் தள்ளினதை நான் திங்கணுமாடா?"ன்னு மூன்றாமவன். ஈக்கள் மட்டும்தான் தலைவர் சொல்லை மதிக்காமல் உள்ளே போய் வந்தன. சேவல் பளபளவென்று திரும்பி வந்தது, பின்னாலேயே உன் அப்பா. பிசைந்தார், முகர்ந்து பார்த்தார், "அமிர்தம்"னார். நாங்களும் அமிர்தம் என்றோம். நான் மூன்று தரம் வாங்கித் தின்றேன், தலைவரின் தம்பி இரண்டோடு நிறுத்தினால் ஊர் என்ன நினைக்கும்?

அப்புறம் நடந்ததை எழுதினால் காகிதம் கூச்சப்படும். சாமி ஊர்வலம் கோயில் வாசலைத் தாண்டும்போதே குடை பிடித்தவன் குடையைப் பக்கத்தில் நின்றவன் கையில் திணித்துவிட்டு ஓடினான், அவன் அதை அடுத்தவனிடம் திணித்துவிட்டு ஓடினான், கடைசியில் மூன்று குடைகளையும் ஒரே பூசாரி பிடித்துக்கொண்டு பனைமரம் மாதிரி நின்றார். வாத்தியக் கோஷ்டியில் முதலில் தாளக்காரன் போனான், பிறகு புல்லாங்குழல், பிறகு வரிசையாக வெண்கலத் தட்டுக்காரர்கள், கடைசியில் பெரிய கொங் அடிக்கிறவர் ஒருவர் மட்டும் உட்கார்ந்து எப்போதாவது ஒரு தடவை 'டொம்' என்று அடித்துக்கொண்டிருந்தார், அவரும் பக்தியால் உட்கார்ந்திருக்கவில்லை, எழுந்தால் தாங்காது என்பதால். ஆற்றங்கரையில் ஊரே திரண்டுவிட்டது. அன்றைக்கு ஆற்று மீன்கள் வேறு மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தன.

சிரிக்கிறாய் அல்லவா? சிரி. அடுத்த நாள் சாயங்காலம் கூட்டம் கூடியது, அங்கே யாரும் சிரிக்கவில்லை. திருவிழா தீட்டுப்பட்டுவிட்டது, தீட்டுக்கு ஒரு காரணம் வேண்டும், காரணத்துக்கு ஒரு ஆள் வேண்டும். உன் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, "எனக்கென்னமோ தேங்காய் சரியில்லைன்னு படுது"ன்னார். அவ்வளவுதான் சொன்னார், பார்க்கப்போனால் அது ஒரு வாக்கியம்கூட இல்லை, ஒரு சந்தேகம். ஆனால் கூடத்தில் இருந்த எல்லாத் தலையும், என் தலை உட்பட, மெதுவாக ஆடியது. தேங்காய்க்காரிக்காகப் பேச அங்கே யாருமில்லை, கூட்டத்தில் உட்காருவது ஆண்கள், அவள் வீட்டு ஆண் செத்து வருஷக்கணக்காகிறது. செய்தி கேட்டு அவளே வந்தாள், கூடத்துப் படிக்குக் கீழே நின்று, "அன்னைக்கு விடியக்காலைல மரத்திலேர்ந்து இறக்கின தேங்காய். அதே துருவலை நானும் தின்னேன், என் பன்னியும் தின்னுச்சு, எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகல. சட்டி எங்க இருந்துச்சு, வெயில் எங்க இருந்துச்சுன்னு உள்ள உக்காந்திருக்கிற இத்தனை ஆம்பளையும் பாத்தீங்கல்ல? ஒருத்தராவது சொல்லுங்களேன்"ன்னாள். நாங்கள் எங்கள் கால் கட்டைவிரல்களைப் பார்த்தோம். உலகத்தில் கால் கட்டைவிரலைப்போல் சுவாரஸ்யமான பொருள் வேறில்லை என்று அன்று கண்டுகொண்டேன். மன்னிப்புக் கேள் என்றார் உன் அப்பா. "தேங்காய்க்கு நான் ஏன் மன்னிப்புக் கேக்கணும்? அது என்ன பாவம் பண்ணுச்சு?"ன்னு கேட்டுவிட்டுப் போய்விட்டாள். சபையை அவமதித்தாள் என்று அவளுக்கு ஊர் வாய்ப்பூட்டு போட்டாயிற்று.

கப்பலில் ஏறி ஊர் வழக்கம் மறந்திருந்தால் நினைவுபடுத்துகிறேன். வாய்ப்பூட்டு விழுந்த வீட்டாரோடு யாரும் பேசக்கூடாது, அவர்கள் வீட்டு நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது, அவர்களுக்கு ஆபத்தென்றாலும் ஊரைக் கூட்டக் கோபுரத்தில் தொங்கும் குல்குல் மரத்தை அடிக்கக்கூடாது, மீறிப் பேசுகிறவனுக்கும் அதே பூட்டு. வருஷத்தில் ஒரு நாள் மௌன விரதம் இருந்து பழகிய ஊர்தானே, ஒரு விதவையிடம் மட்டும் பேசாமல் இருப்பது என்ன பெரிய காரியம் என்று நினைத்தோம். மறுநாள் காலை தெரிந்தது. ஊரில் காப்பிக்கடை ஒன்றே ஒன்று!

ஆண்கள் கடைக்கு எதிரே வந்து நின்றார்கள், வாயைத் திறந்தார்கள், மூடினார்கள், மீன்தொட்டி மாதிரி இருந்தது. குல்குல் அடிக்கும் பான் ரிந்திதான் உபாயம் கண்டுபிடித்தான். அவனை நீ ஊர் மட்டி என்று நினைத்திருப்பாய், இந்தத் தலைமுறையின் மாபெரும் சட்டமேதை அவன். மெல்லப் பலாமரத்தடிக்குப் போய், பன்றியைப் பார்த்து, "என்ன பன்னி, சௌக்கியமா? இந்தக் குளிருக்கு ஒரு காப்பி கிடைச்சா நல்லாருக்கும், சர்க்கரை கொஞ்சம் தூக்கலா"ன்னான். பிறகு மென் சாத்ரி ஒரு கோப்பையைக் கொண்டுவந்து பன்றியின் தொட்டி ஓரத்தில் வைத்து, "பன்னி, வந்தவர் போன வாரக் கோப்பையை இன்னும் திருப்பித் தரலன்னு ஞாபகப்படுத்து"ன்னாள். பன்றி 'ம்ர்க்' என்றது. அந்த நாளிலிருந்து அதற்குத்தான் ஊரில் ஓய்வில்லை. தெற்குத் தெருக்காரன் தன் மாமியாரைப் பற்றிப் புலம்ப வருவான், பொண்ணு பார்க்கப் போகிறவன் நல்ல நாள் கேட்பான், உன் சித்தி நான் இளைத்துவிட்டேனா என்று அதைக் கேட்டாள், அது என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. ஊரில் யாரிடமும் சொல்ல முடியாததையெல்லாம் அதனிடம் சொன்னார்கள், ஏனென்றால் அது ஒன்றுதான் கூட்டத்தில் தலையாட்டாத ஜீவன். உன் அப்பா மட்டும் பல நாள் வீம்பாக வீட்டில் உன் அம்மா போட்ட காப்பியைக் குடித்தார். உன் அம்மா சம்பலில் தேவதை, காப்பியில் ராட்சசி. கடைசியில் அவரும் ஒரு நாள் பலாமரத்தடியில் தென்பட்டார். "இதோ பாரு பன்னி, நான் காப்பிக்கு வரல. வெயிலுக்கு ஒதுங்கினேன்"ன்னார். கடைக்குள்ளிருந்து பதில் வந்தது: "பன்னி, அவர்கிட்ட சொல்லு, வெயிலுக்கு ஒதுங்கணும்னு இப்பத்தான் தெரிஞ்சுதான்னு."

அந்தப் பதில் உன் அப்பாவுக்கு உள்ளே போய்த் தைத்துவிட்டது. உடனே கூட்டம். பன்றியோடு பேசுவது பூட்டை மீறியதாகுமா ஆகாதா? பன்றி அந்த வீட்டு உறுப்பினரா? விவாதம் சூடுபிடித்தது. "சாப்பாடு அந்த வீட்ல, தூக்கம் அந்த வீட்ல, அப்ப உறுப்பினர்தானே?"ன்னான் ஒருத்தன். "கோயிலுக்கு வராதே, பூத்தட்டு வைக்காதே?"ன்னான் பான் ரிந்தி. "என் மச்சானும்தான் வர்றதில்ல, அவன் உறுப்பினர் இல்லையா?" கடைசியில் பூசாரி தீர்ப்புச் சொன்னார்: பன்றியோடு பேசலாம், ஆனால் பன்றி சம்பந்தமான விஷயம் மட்டும். அன்றிலிருந்து எல்லாமே பன்றி சம்பந்தமான விஷயம் ஆயிற்று. "பன்னி, உனக்குக் காப்பி பிடிக்குமோ? எனக்கும்தான்" என்று தொடங்கினால் போதும்.

கேட்க வேடிக்கையாக இருக்கிறது, எனக்கும் அப்படித்தான் இருந்தது. அவளுக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, கேட்டால் பன்றியைத்தான் கேட்க வேண்டும், பன்றி சொல்லாது. கலுங்கான் பண்டிகைக்கு எல்லா வீட்டு வாசலிலும் மூங்கில் கம்பம் நட்டோம், உயரமான கம்பத்தை ஒருத்தரால் தூக்க முடியாது, அவள் தன் கம்பத்தைத் தனியாக நிமிர்த்தி நிமிர்த்தி விழவிட்டாள், கடைசியில் அதைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போனாள். பிறகு வந்தது தீ. பட்டப்பகல், கடை வாசலில் எங்களுக்கு முதுகைக் காட்டியபடி உட்கார்ந்து ஓலையில் பூத்தட்டு பின்னிக்கொண்டிருந்தாள், பின்னால் சமையல்கட்டில் காப்பிக்கொட்டை வறுபட்டுக்கொண்டிருந்தது. கூரையிலிருந்து முதலில் வந்த புகை ஒரு நூல்தான். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள் ஒரு பெரிய கும்பல். "டேய், புகை!" "பாத்தேன், கத்தாதே, அவளுக்குக் கேட்டுடும்." "கேக்கட்டுமே?" "கேட்டா பேசினதா ஆயிடும்டா!" ஒருவன் பலாமரத்தடிக்கு ஓடி, "பன்னி, உன் வீட்டுச் சமையல்கட்டு..."ன்னு ஆரம்பித்தான். "அது பன்னி சம்பந்தமான விஷயமா?"ன்னு பின்னாலிருந்து ஒருத்தன் அதட்ட, அவன் யோசித்து, "பன்னி, உனக்குக் கொஞ்சம் சூடா இல்ல?"ன்னான். பன்றி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தது, ஊர்க் கவலையெல்லாம் கேட்டுக் களைத்துப்போன பன்றி. பான் ரிந்தி கோபுரத்தில் ஏறிக் குல்குல் அடிக்கும் கட்டையை ஓங்கிவிட்டு அப்படியே நின்றான். "தலைவர் உத்தரவு இல்லாம அடிக்கலாமா? பூட்டுப்பட்ட வீட்டுக்கு அடிச்சா எனக்கும் பூட்டுல்ல?" உன் அப்பாவைத் தேடி ஒருத்தன் ஓடினான், அவர் சேவலோடு வயல் வரப்பில். அவர் மூச்சிரைக்க ஓடிவந்து சேரும்போது தீ எங்களைவிடப் பெரிய குரலில் பேச ஆரம்பித்துவிட்டது, அந்தச் சத்தத்தில்தான் மென் சாத்ரி திரும்பிப் பார்த்தாள். ஒற்றை வாளியோடு ஓடினாள். அதற்குப் பிறகு நாங்களும் சும்மா நிற்கவில்லை, சுவருக்கு மேலாகத் தண்ணீர் வீசினோம், வீசும்போதே ஒவ்வொருவனும், "பன்னி மேலதான் ஊத்தறேன், பன்னி மேலதான் ஊத்தறேன்" என்று சாட்சி வைத்துக்கொண்டான். உலகத்திலேயே அன்று மிக நன்றாக நனைந்த பிராணி அந்தப் பன்றிதான். சமையல்கட்டு போயிற்று. கூரை போயிற்று, அதோடு பாதிக் கடையும். அவள் வலது முன்கையில் ஒரு நீளக் காயம். அவள் சுவர்ப் பக்கம் திரும்பி எங்களை ஒரு தடவை பார்த்தாள், திட்டுவாள் என்று காத்திருந்தோம், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பன்றியின் கயிற்றைப் பார்க்கப் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டத்துக்கு உன் சித்தப்பாவாகிய நான் ஒரு விருந்தாளியைக் கூட்டிக்கொண்டு போனேன். மூங்கில் கூடையில் பன்றி. தூக்கியவர்கள் மொத்தம் ஒரு படை, வழியில் இரண்டு பாலம் உட்கார்ந்துவிட்டன, கூடத்தில் இறக்கியதும் தூண்கள் பெருமூச்சு விட்டன. "இது என்ன கூத்துடா, நெங்கா?"ன்னார் உன் அப்பா. "தலைவரே, தம்பியா இல்ல, சபைல ஒருத்தனா சொல்றேன். இந்த ஊர்ல எல்லாரும் மனசுவிட்டுப் பேசற ஒரே ஆள் இது. இன்னைக்கு இதோட பேசுவோம்"ன்னேன். பிறகு பான் ரிந்தி எழுந்தான். உன் அப்பாவைப் பார்க்காமல் கூடையைப் பார்த்து, "பன்னி, குல்குல் கட்டை என் கைலதான் இருந்துச்சு. அடிக்கல. என் மேல பூட்டு விழும்னு பயம்"ன்னான். உட்கார்ந்தான். அடுத்தவன் எழுந்தான்: "பன்னி, வெயில் சட்டி மேல வந்ததை நான் பாத்தேன்." இன்னொருவன்: "நானும்தான். என் பக்கத்துலதான் சட்டி இருந்துச்சு, கை நீட்டினா எட்டும்." ஒவ்வொருவனாக எழுந்தான், ஒவ்வொருவனாகப் பன்றியிடம் சொன்னான், என் முறை வந்தபோது நான்கூட ஒரு வாக்கியத்தை நகைச்சுவை இல்லாமல் சொல்லி முடித்தேன், அதற்கு எனக்கு வியர்த்துவிட்டது. எல்லோரும் முடித்தபிறகு உன் அப்பா இருந்த இடத்தைவிட்டு எழுந்து வந்து கூடைப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். என் அண்ணன் தரையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. "பன்னி," ன்னார், "நிழல் நகரும்னு எனக்கும் தெரியும். சேவலுக்கு எண்ணெய் தடவுறப்பவே ஞாபகம் வந்துச்சு. இப்ப எழுந்து ஓடினா ஊர் சிரிக்கும்னு உக்காந்திருந்தேன். அப்புறம் தேங்காய் மேல போட்டேன். தேங்காய்க்காரி மேல போட்டேன்." பன்றி எழுந்து நின்று, சபை நடுவே, யாரையும் மதிக்காமல் நீளமாக மூத்திரம் பெய்தது. இவ்வளவு தெளிவான தீர்ப்பை நான் எந்த நீதிமன்றத்திலும் கேட்டதில்லை.

பூட்டு அப்போதே நீங்கியது. குல்குல் அடித்த அடியில் தேங்காய்கள் தாமாக உதிர்ந்தன. ஊரே மூங்கிலும் ஓலையும் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்கு ஓடியது, அரை நாளில் சமையல்கட்டு எழுந்துவிட்டது, கொஞ்சம் கைமீறி எழுந்துவிட்டது, இப்போது அது ஊர்க்கூடத்தைவிட உயரம், அதற்குள் கப்பல் நிறுத்தலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் அவளிடம் பேசினோம், "மென் சாத்ரி சௌக்கியமா, கை எப்படியிருக்கு, இந்தத் தூண் இங்க இருக்கட்டுமா, மன்னிச்சுக்கம்மா, அக்கா, தாயே" என்று. அவளும் படியில் ஏறி நின்று ஒரு பெரிய பிரசங்கம் செய்தாள், ஊரையே மன்னித்தாள், உன் அப்பாவைப் பெயர் சொல்லி மன்னித்தாள், கேட்டுக் கல்லும் அழுதது, சேவலும் அழுதது.

மற்றபடி இங்கே செய்தி ஏதுமில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, நீ அனுப்பிய களிம்பைத் தடவுகிறாள், பாதியை உன் அப்பா சேவலுக்குத் தடவுகிறார். நீ குளிர்ப் பிரதேசம் போகும்போது காலுறை இரண்டாகப் போடு. கப்பலில் யாராவது ஒருத்தர்மேல் தப்பாகப் பழி விழுவதைப் பார்த்தால் எனக்கு எழுதாதே, உன் பன்றிக்கும் சொல்லாதே, அங்கேயே வாயைத் திறந்து சொல்லிவிடு, வேலை போனால் போகட்டும், இங்கே லாவார் பிசைய ஒரு கை காலியாக இருக்கிறது, தலைவர் அந்தப் பதவியைத் துறந்துவிட்டார்.

இப்போது ஒன்று. இந்தக் கதையில் எதை வேண்டுமானாலும் வெட்டி எறி, நானே கத்தி தருகிறேன். ஆற்று மீன்கள் குடிபெயரவில்லை. பாலம் இரண்டும் இருக்கின்றன. அந்தப் பிரசங்கம் முழுக்க நான் எழுதியது, இந்த வரிக்கு முந்தின பக்கத்தில், உன் சித்தி தந்த பழைய பேனாவால். மென் சாத்ரி யாரையும் மன்னிக்கவில்லை, மன்னிக்காமலும் இல்லை, ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் ஒரு சின்னத் துண்டு மட்டும் அப்படியே நிஜம், அதில் நான் ஒரு கல் உப்புகூடச் சேர்க்கவில்லை. கூரை வேய்ந்து முடித்து நாங்கள் எல்லோரும் வியர்வையோடு உட்கார்ந்திருந்தபோது, காயம்பட்ட கையைத் துணியில் சுற்றிக்கொண்டு எல்லோருக்கும் காப்பி கொண்டுவந்து வைத்தாள். "நல்லாருக்கு, மென் சாத்ரி"ன்னார் உன் அப்பா, நேராக, அவள் முகத்தைப் பார்த்து. அவள் பலாமரத்தடியைப் பார்த்துத் திரும்பி, "பன்னி, இவங்களுக்குச் சர்க்கரை போதுமான்னு கேளு"ன்னாள். அன்றிலிருந்து இன்றுவரை அப்படித்தான். உன் அப்பா தினமும் காலையில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்து நேராகப் பேசுகிறார், அவள் பன்றிக்குப் பதில் சொல்கிறாள். நீ அந்தக் கூடத்தில் இருந்ததில்லை, உன்னோடு அவளுக்கு வழக்கு இல்லை. அவளுக்கு ஒரு கடிதம் எழுது, மகளே, அவள் பெயருக்கே எழுது.

எல்லாத் திசைத் தெய்வங்களும் உன் அறைக் கதவுக்கு வெளியே காவல் நிற்கட்டும், உள்ளே வந்து தூக்கத்தைக் கெடுக்காமல். ஓம் சாந்தி, சாந்தி, சாந்தி, ஓம்.

இப்படிக்கு,
உன் அன்புச் சித்தப்பா,
நெங்கா லெசிர்